வீட்டு டிவிக்கு எந்தக் கேம் கன்சோல்? ஒப்பிடுவதிலிருந்து மாட்டி முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

விளையாடுவதற்காகக் கேம் கன்சோல் வாங்குகிறவருக்குப் புதியதே நல்லது, அதில் பேச்சில்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, அலமாரியில் கிடக்கும் டிஸ்க்குகளை ஓட்ட ஒரு பெட்டி வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. பிளேஸ்டேஷன் 3 பாடிய ஆடியோ சிடியைப் பிளேஸ்டேஷன் 4 தொடாது. பிளேஸ்டேஷன் 4இல் இருந்த மீடியா பிளேயர் செயலி பிளேஸ்டேஷன் 5க்கு வரவே இல்லை. 2016இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் 4கே புளூ-ரே வரை ஓட்டும். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே கிடையாது.

மதுரையில் உறவினர், நண்பர் வீடுகளில் இந்தப் பெட்டிகளை மாட்டிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: எந்தக் கம்பெனி என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. கீழே உள்ள வரிசையில் போனால் அதற்கான பதில் பாதி வழியிலேயே கிடைத்துவிடும்.

1. அலமாரியைத் திறந்து பட்டியல் எடுங்கள்

வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆடியோ சிடி, எம்பி3 பாட்டு சிடி, விசிடி, டிவிடி, புளூ-ரே, பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக எழுத வேண்டும். "பழைய டிஸ்க்" என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. டிவிடியும் விசிடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பெட்டிக்கு அவை வேறு வேறு. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் சிடி வகையில் எதையும் படிக்காது. ஆடியோ சிடி, எம்பி3 சிடி, விசிடி மூன்றுமே அதில் அடங்கும். பக்திப் பாடல் சிடிகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு தகவல் போதும், பாதிப் பட்டியலைக் கழித்துவிடலாம்.

அடுத்து, குடும்ப வீடியோக்கள். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என்று எல்லா வீட்டிலும் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எடுத்தவை எழுதப்பட்ட டிவிடிகளாக இருக்கும். இப்போது வீடியோகிராபர்கள் பென் டிரைவில் கொடுக்கிறார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வாசிக்கும் பெட்டியும் கோப்பு வாசிக்கும் பெட்டியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

மூன்றாவதாக, எந்தெந்தச் செயலிகளுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற உலகப் பொதுவான செயலிகளில் சிக்கல் குறைவு. சன் நெக்ஸ்ட் போன்ற தமிழ்ச் செயலிகளும் இந்தியாவுக்கே உரிய பிற செயலிகளும் எல்லாக் கன்சோலுக்கும் வருவதில்லை. டிவியில் இருக்கிறதே, கன்சோலிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கும் முன் அந்தக் கன்சோலின் ஸ்டோரில் இந்தியக் கணக்கில் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தாளில் டிஸ்க்கும் இல்லை, விளையாடும் ஆளும் இல்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டிவியில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். விலையிலும் மின்சாரத்திலும் அதோடு எந்தக் கன்சோலும் போட்டியிட முடியாது.

2. டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, கைப்பேசி வெளிச்சத்தில் எல்லா ஓட்டைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றுகொண்டு நினைவிலிருந்து சொல்வது சரியாக வராது.

பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது எச்டிஎம்ஐ, படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் வழி. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல் வந்த எதிலும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பி செருகும் வழி கிடையாது. பழைய குழாய் டிவி வைத்திருப்பவர்களுக்கு பிளேஸ்டேஷன் 2, 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவைதான் நேராகப் பொருந்தும். இடையில் மாற்றிக் கருவி ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். எழுத்துகள் மங்கலாகி, மெனுவைப் படிப்பதே பாடாகிவிடும்.

இரண்டாவது, எந்த எச்டிஎம்ஐயில் ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கிறது என்பது. சவுண்ட்பார் இருந்தால் அந்த ஓட்டை அதற்குத்தான். கன்சோலை அதில் செருகிவிட்டுப் பிறகு சத்தம் வரவில்லை என்று தேடுகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவது, 4கே டிவியாக இருந்தால் எல்லா எச்டிஎம்ஐ ஓட்டைகளும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்பது. பல டிவிகளில் ஒன்றிரண்டுதான் 4கே எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் முறை) முழுமையாக ஏற்கும். டிவியின் கையேட்டிலோ, ஓட்டையின் பக்கத்திலேயோ குறித்திருப்பார்கள்.

டிவி 32 அங்குல எச்டி டிவிதான் என்றால் 4கே பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி அந்தத் திரையில் தெரியாது.

3. மின்சாரமும் வெயிலும்

பெட்டியை எங்கே வைப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சோனி பிளேஸ்டேஷன் 4க்குச் சொல்லும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெளியே 40ஐத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் இரவு எட்டு மணிக்கும் சுவர் சூடாக இருக்கும். அந்த அறையில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், செட்-டாப் பாக்ஸின் மேலேயே கன்சோலை வைத்தால் காற்றாடி அலறும். படத்தின் மெல்லிய வசனம் அதில் அமுங்கிவிடும். சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி, திறந்த பலகையில் வையுங்கள். கதவைக் கழற்ற மனமில்லை என்றால் பார்க்கும் நேரத்திலாவது திறந்து வையுங்கள்.

கரண்ட் பில் கணக்கு எளிது. 60 வாட் இழுக்கும் பெட்டியை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். பெட்டியை முழுக்க அணைக்காமல் உடனே விழிக்கும் நிலையில் 10 வாட் இழுக்க விட்டால், 24 மணி நேரமும் சேர்ந்து இரண்டு மாதத்தில் அதே 14.4 யூனிட் ஆகிறது. படம் பார்த்ததற்கு ஆன செலவு சும்மா இருந்ததற்கும் ஆகிறது. எக்ஸ்பாக்ஸில் உடனடி விழிப்பு நிலையை மின்சேமிப்பு நிலைக்கு மாற்றுங்கள். பிளேஸ்டேஷனில் ஓய்வு நிலைக்குப் பதிலாக முழுதாக அணைக்கப் பழகுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடாக இருந்தால் அதன் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளியில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது. கன்சோல் அணைந்து எழும். அப்டேட் நடக்கும்போது அப்படி நேர்ந்தால் பெட்டி கிளம்பாமலே போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும். அன்று காலையில் அப்டேட்டைத் தொடாதீர்கள்.

4. இப்போது பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

கையில் அலமாரிப் பட்டியலும் டிவி ஓட்டைகளின் படமும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பிளேஸ்டேஷன் 3: ஆடியோ சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றையும் ஓட்டும். டிவிடியை 1080பி அளவுக்கு உயர்த்திக் காட்டும் வேலையை இன்றைக்கும் நேர்த்தியாகச் செய்கிறது. பழைய தமிழ்ப் பட டிவிடிகள் நிறைய உள்ள வீட்டுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். குறைகளும் உண்டு. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஃபேட்32ஐ மட்டுமே படிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஸ்ட்ரீமிங் செயலிகளுக்காக இதை வாங்கவே வாங்காதீர்கள். இவ்வளவு பழைய பெட்டிக்கான ஆதரவைச் செயலிக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்வார்கள்.

பிளேஸ்டேஷன் 4: டிவிடி, புளூ-ரே உண்டு, சிடி இல்லை. மீடியா பிளேயர் செயலியை ஸ்டோரிலிருந்து இறக்கினால் எம்பி4, எம்கேவி கோப்புகள் ஓடும். எக்ஸ்ஃபேட் பென் டிரைவைப் படிப்பதால் பெரிய கோப்பும் பிரச்சினையில்லை. ஆனால் எச்.265 முறையில் சுருக்கிய வீடியோ ஓடாது. இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். 9ஆம் பகுதியில் திரும்ப வரும். ஸ்லிம் மாடலில் ஆப்டிகல் ஒலி வழி (ஒலியை மட்டும் தனி வயரில் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) இல்லை. முதல் மாடலிலும் புரோவிலும் உண்டு. புரோ மாடல் 4கே செயலிகளை ஓட்டும். ஆனால் 4கே புளூ-ரே டிஸ்க்கை ஓட்டாது. பெயரில் புரோ இருக்கிறதே என்று நம்பி 4கே டிஸ்க் வாங்கிவிடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 5: டிஸ்க் உள்ள மாடல் 4கே புளூ-ரேயையும் ஓட்டும். டிஜிட்டல் எடிஷன் எதையும் ஓட்டாது. 2023இல் வந்த மெலிந்த மாடலில் டிஸ்க் பகுதியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பொருத்தியதும் ஒரு முறை இணையம் வேண்டும். எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷன் கிடையாது. வீட்டுக் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் படத்தை எடுத்து ஓட்டும் வசதி 3, 4 இரண்டிலும் இருந்தது, இதில் இல்லை. விளையாட்டுக்கு அருமையான பெட்டி. வீட்டு மீடியா பெட்டியாக மட்டும் வாங்குவது, மதுரைக்குள்ளேயே மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போக விமான டிக்கெட் எடுப்பது போல.

எக்ஸ்பாக்ஸ் 360: ஆடியோ சிடி, டிவிடியோடு சரி. புளூ-ரே கிடையாது. முதலில் வந்த மாடல்களில் எச்டிஎம்ஐயும் இல்லை. அதன் ஸ்டோர் 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. சும்மா கிடைத்தால் பார்க்கலாம்.

எக்ஸ்பாக்ஸ் ஒன், ஒன் எஸ், ஒன் எக்ஸ்: என் கணக்கில் வீட்டு உபயோகத்துக்கு ஒன் எஸ்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளது, பழைய பெட்டியாகத்தான் கிடைக்கும். ஆடியோ சிடி, டிவிடி, புளூ-ரே, 4கே புளூ-ரே அத்தனையும் ஓடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிரைவ்களைப் படிக்கும். விஎல்சி, கோடி, பிளெக்ஸ் ஆகிய வீடியோ ஓட்டும் செயலிகள் உண்டு. எச்.265 ஓடும். ஆப்டிகல் ஒலி வழியும் இருக்கிறது. முன்பக்கத்தில் ரிமோட்டின் கதிரை வாங்கும் கண்ணும் உண்டு. அதன் அருமை 10ஆம் பகுதியில் தெரியும். முதல் மாடலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 4கே எதுவும் இல்லை. 2019இல் வந்த ஒன் எஸ் ஆல்-டிஜிட்டல் மாடலில் டிஸ்க் இல்லை. வெளியே பார்க்க ஒன் எஸ் போலவே இருப்பதால் முன்பக்கத்தில் டிஸ்க் பிளவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இந்த வரிசைப் பெட்டிகளில் இன்னொரு வசதி, செட்-டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐயை வாங்கிக்கொள்ளும் ஓட்டை. கேட்க நன்றாக இருக்கும். பயன்படுத்தாதீர்கள் என்பதே என் யோசனை. கன்சோல் இயங்கினால்தான் சேனல் தெரியும். நம் ஊர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், கன்சோல் வழக்கமாக அனுப்புவது 60 ஹெர்ட்ஸ். அதனால் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துவரி சீராக ஓடாமல் தத்தித் தத்திப் போகும். அமைப்பில் 50 ஹெர்ட்ஸை அனுமதித்தால் சரியாகும். ஆனாலும் செட்-டாப் பாக்ஸை நேராக டிவியிலேயே செருகுவது நிம்மதி.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ்: எக்ஸில் டிஸ்க் உண்டு, 4கே புளூ-ரேயும் ஓடும், 2024இல் வந்த டிஸ்க் இல்லாத சீரிஸ் எக்ஸ் மட்டும் விலக்கு. எஸ்ஸில் டிஸ்க் இல்லை. இரண்டிலும் ஆப்டிகல் வழி எடுக்கப்பட்டுவிட்டது. செயலிகளில் டால்பி விஷன் உண்டு. 4கே டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்கே இல்லாத வீட்டில், பிள்ளைகள் விளையாடவும் வேண்டும் என்றால் சீரிஸ் எஸ் அடக்கமான தேர்வு.

நின்டெண்டோ ஸ்விட்ச்: பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுக் கருவி. டிஸ்க் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் இல்லை, பென் டிரைவ் படமும் ஓடாது. இந்தப் போட்டியிலேயே அது இல்லை.

5. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

மதுரை, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு. ஊருக்கு வரும்போது கன்சோலும் வரும். விளையாட்டு டிஸ்க்குகளுக்கு இன்றைய பெட்டிகளில் நாட்டுப் பூட்டு இல்லை. பட டிஸ்க்குகளுக்கு உண்டு.

இந்தியா டிவிடிக்கு 5ஆம் மண்டலம், புளூ-ரேக்கு சி. சிங்கப்பூர், மலேசியா டிவிடிக்கு 3, புளூ-ரேக்கு ஏ. வளைகுடா நாடுகள் 2, பி. அமெரிக்கா 1, ஏ. பெட்டி விற்கப்பட்ட நாட்டின் எண்ணே அதில் பதிந்திருக்கும். நம் முகவரியைக் கொடுத்தால் மாறாது. தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் எல்லா மண்டலத்துக்கும் பொதுவானவை என்பதால் தப்பித்துக்கொள்ளும். இங்கே விற்கும் ஆங்கிலப் பட டிவிடியும் புளூ-ரேயும்தான் மாட்டிக்கொள்ளும். உறையின் பின்னால் உருண்டைக்குள் இருக்கும் எண்ணையோ எழுத்தையோ பார்த்துக்கொள்ளுங்கள். 4கே புளூ-ரேக்கு மண்டலமே கிடையாது.

அமெரிக்காவிலிருந்து வந்த பிளேஸ்டேஷன் 3க்கு இன்னொரு சிக்கல்: நம் வீடியோகிராபர்கள் எழுதிக் கொடுக்கும் திருமண டிவிடிகள் நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் இருக்கும், அந்தப் பெட்டி அவற்றை மறுக்கும்.

மின்சாரத்துக்குப் பெட்டியின் அடியிலோ அடாப்டரிலோ உள்ள எழுத்தைப் படியுங்கள். 100–240 அல்லது 220–240 என்று இருந்தால் செருகலாம். 100–127 என்று மட்டும் இருந்தால், அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360இன் அடாப்டரில் இருப்பது போல, நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. சிங்கப்பூர், துபாய்ப் பெட்டிகளில் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. பிளக் மட்டும்தான் வேறு. தொளதொளவென்று ஆடும் மாற்றுப் பிளக்கைப் போடாதீர்கள். பெரும்பாலான மாடல்களுக்கு ரேடியோவில் வரும் எட்டு வடிவ வயர்தான். டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

6. பழைய பெட்டியைக் கடையிலேயே சோதிக்கும் முறை

விளையாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். அது போதாது. வீட்டிலிருந்து ஒரு கடையில் வாங்கிய டிவிடி, ஒரு புளூ-ரே, வீட்டில் உள்ள எழுதப்பட்ட டிவிடி ஒன்று, பென் டிரைவ் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். டிவிடி ஒரு லேசர் அலைநீளம், புளூ-ரே வேறொன்று. ஒன்று ஓடுவதால் மற்றதும் ஓடும் என்று உறுதியில்லை. எழுதப்பட்ட டிவிடியைப் படிக்க லேசர் இன்னும் தெம்பாக இருக்க வேண்டும். தேய்ந்த லேசர் முதலில் அங்கேதான் தடுமாறும்.

படத்தின் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நடுக் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் தாவுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது, இரண்டு அடுக்கு டிஸ்க் என்றால் பாதியில் வெளி ஓரத்தைத் தொட்டுத் திரும்பும். லேசர் நகரும் தண்டில் பிசிறு இருந்தால் அங்கேதான் தெரியும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கில் நுழைய முடிகிறதா பாருங்கள். கம்பெனி தடைசெய்த பெட்டி டிஸ்க்கை ஓட்டும், நெட்வொர்க்குக்குள் போகாது. பூட்டுடைத்த பெட்டியை எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறது என்று ஆசை காட்டி விற்பார்கள். அப்டேட் செய்ய முடியாது, செயலிகள் தகராறு செய்யும். வேண்டாம்.

எச்டிஎம்ஐ வயரைச் செருகி லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் ஓட்டை தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய சர்க்யூட் போர்டில் பற்றவைக்க வேண்டும்.

7. மாட்டும் வரிசை

வரிசை மாறினால் பெட்டி கெட்டுவிடாது. ஆனால் எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

டிவி, கன்சோல், செட்-டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் எடுத்துவிட்டு எச்டிஎம்ஐயைச் செருகுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. டிவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்றிருக்கும். அந்தக் கசிவு எச்டிஎம்ஐ முனை வழியாகப் பாய்ந்தால் முதலில் பலியாவது எச்டிஎம்ஐயை இயக்கும் சின்னச் சிப்தான்.

பிறகு மின்சாரம். பிறகு இணையம். முடிந்தால் மோடத்திலிருந்து லேன் வயர் போடுங்கள். முதல் பிளேஸ்டேஷன் 4 மாடல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பார்க்கும். 5 கிகா ஹெர்ட்ஸ் பெயர் அதன் பட்டியலில் வராது. கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இணையம் வந்ததும் அப்டேட். எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை முதல்முறை அமைக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். டிஸ்க் ஓட்டவும் புளூ-ரே பிளேயர் செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் டிவிடி, புளூ-ரே வசதி ஒரு முறை இணையத்தில் இயக்கிவைத்த பின்தான் திறக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இதை முடித்துக்கொள்ளலாம்.

செயலிகளும் கடவுச்சொற்களும் கடைசியில்.

8. படமும் ஒலியும்

டிவியில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றனவா பாருங்கள். டிவியின் பட அளவு அமைப்பில் முழுத் திரை என்ற பொருளில் ஒன்று இருக்கும். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட். முதலில் அங்கே சரிசெய்யுங்கள். கன்சோலில் படத்தைச் சுருக்கிச் சரிக்கட்டினால் கூர்மை போய்விடும்.

4கே எச்டிஆர் டிவியில் அந்த எச்டிஎம்ஐ ஓட்டைக்கு உயர்நிற வசதியைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அணைத்த நிலையில்தான் டிவி வரும். கன்சோல் எச்டிஆர் இல்லை என்று சொன்னால் கன்சோலைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

திரைப்பட டிஸ்க்குகளில் நொடிக்கு 24 படச் சட்டங்கள். கன்சோலில் 24 ஹெர்ட்ஸை அனுமதித்தால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் இழுவையில்லாமல் ஓடும்.

ஒலியை முதலில் பிசிஎம்மில், அதாவது கன்சோலே அவிழ்த்து அனுப்பும் முறையில் வையுங்கள். எல்லா டிவியிலும் அது கேட்கும். பிட்ஸ்ட்ரீம் என்று வைத்தால், டிஸ்க்கில் உள்ள டால்பியோ டிடிஎஸ்ஸோ அவிழ்க்கப்படாமல் அப்படியே போகும். மறுமுனையில் அவிழ்க்கத் தெரிந்த கருவி இல்லையென்றால் படம் ஓடும், பேச்சு மூச்சு இருக்காது. டிடிஎஸ் தெரியாத டிவிகள் நிறைய. ரிசீவரோ நல்ல சவுண்ட்பாரோ இருப்பவர்கள் மட்டும் பிசிஎம்மில் எல்லாம் கேட்கிறது என்று உறுதியான பின் பிட்ஸ்ட்ரீமுக்கு மாறுங்கள். பிளேஸ்டேஷன் 4இல் இது பொது அமைப்பில் இல்லை. டிஸ்க் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி வரும் அமைப்பில் இருக்கிறது.

வீட்டில் உள்ள பழைய 5.1 ஹோம் தியேட்டரில் சிவப்பு வெள்ளை முனைகள்தான் இருக்கின்றன என்றால் கன்சோலோடு மல்லுக்கட்டாமல் டிவியின் ஹெட்ஃபோன் வழியிலிருந்து ஒரு வயர் இழுங்கள். உண்மையான 5.1 வராது, ஆனால் வசனம் தெளிவாகக் கேட்கும்.

9. பென் டிரைவ் வீடியோ ஓடவில்லை

எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. காதணி விழா முடிந்து வீடியோகிராபர் பென் டிரைவ் கொடுத்துவிட்டார். அத்தை, சித்தப்பா எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் கோப்பின் பெயர் மட்டும் தெரிகிறது, அழுத்தினால் இந்த வடிவம் ஏற்கப்படாது என்று வருகிறது. இப்படிப் பாருங்கள்.

டிரைவே தெரியவில்லையா? பிளேஸ்டேஷன் என்றால் அதன் அமைப்பு முறை என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கலாம். கணினியில் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்த பிறகு எக்ஸ்ஃபேட்டாக (பிளேஸ்டேஷன் 3க்கு ஃபேட்32ஆக) மாற்றுங்கள். நகலெடுக்காமல் மாற்றினால் விழாவே அழிந்துவிடும்.

டிரைவ் தெரிகிறது, கோப்பு ஓடவில்லையா? பெரும்பாலும் எச்.265தான். 4கே கேமராக்களும் இன்றைய ஐபோன்களும் இடத்தை மிச்சப்படுத்த அந்த முறையில்தான் சேமிக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸில் விஎல்சி போட்டால் ஓடும். பிளேஸ்டேஷன் 4 என்றால் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 1080பி, எச்.264, எம்பி4 என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேர வீடியோவுக்குச் சாதாரண மடிக்கணினி இரவு முழுக்க உழைக்கும். தூங்கப் போகும்போது போட்டுவிடுங்கள். அடுத்த விழாவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே எச்.264இல் ஒரு நகல் வேண்டும் என்று வீடியோகிராபரிடம் சொல்லிவிடுவது இதைவிடச் சுலபம்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லையா? உள்ளே இருக்கும் ஒலி டிடிஎஸ்ஸாக இருக்கலாம். அதே ஹேண்ட்பிரேக்கில் ஒலியை ஏஏசிக்கு மாற்றினால் போதும்.

எழுதப்பட்ட டிவிடி ஓடவில்லை என்றால், எழுதி முடித்தபின் அதை மூடாமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) விட்டிருக்கலாம். அது எழுதிய கருவியில் மட்டும் ஓடும். இன்னும் ஓடும்போதே கணினியில் நகலெடுத்து வையுங்கள். எழுதிய டிஸ்க்குகள் நம் ஊர் வெப்பத்தில் நீண்ட நாள் தாங்குவதில்லை.

10. ரிமோட்

இளைஞர்கள் இல்லாத நேரத்தில் பெட்டி பயன்பட வேண்டும் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு கேம் கன்ட்ரோலர் பிடிபடாது. விளையாட்டுக்கான பொத்தான்கள் விரலில் தட்டுப்பட்டு, படம் பாதியில் வெளியே வந்துவிடும்.

பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றில் எச்டிஎம்ஐ வழியாகவே டிவி ரிமோட் வேலை செய்யும் வசதி உண்டு. கன்சோலில் ஒரு முறை, டிவியில் ஒரு முறை என இரண்டிலும் இயக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இயக்கிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். டிவியில் அதற்குக் கம்பெனிக்கொரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸில் முன்பக்கக் கண் இருப்பதால் தனி மீடியா ரிமோட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம். பிளேஸ்டேஷன் 5க்குத் தனி மீடியா ரிமோட் வருகிறது.

இயக்கிய பிறகு ஒரு விநோதம் நடக்கும். கன்சோலை அணைத்தால் டிவியும் அணையும். தாத்தா சேனல் பார்த்துக்கொண்டிருக்கும்போது கன்சோல் தானாக விழித்து, திரையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் இரவில் தானாக நடக்கும் அப்டேட் அல்லது கன்ட்ரோலர் பொத்தானில் யாராவது உட்கார்ந்தது. கன்சோலின் அமைப்பில் டிவியை அணைப்பதற்கும் எழுப்புவதற்கும் தனித்தனித் தேர்வுகள் இருந்தால், எழுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு அணைப்பதை நீக்குங்கள். கன்ட்ரோலரை ஷோகேஸின் மேல் தட்டில் வையுங்கள்.